காப்பும் ஈடும்: இந்திய மருத்துவக் காப்பீட்டு வாதத்தின் எண்பது ஆண்டுகள்

ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டம் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் கல்விப்புல நண்பர்களிடையே ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. அரசு மருத்துவக் காப்பீடு ஏழைகளுக்குப் பெரிய மருத்துவமனைகளின் கதவைத் திறந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. பொதுப்பணத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கு மடைமாற்றும் ஏற்பாடே அது என்பது மறு தரப்பு. இரு தரப்பினரும் 2018இல் ஆயுஷ்மான் பாரத் அறிவிக்கப்பட்டபோதுதான் இந்த வாதம் பிறந்தது போலப் பேசுகின்றனர். உண்மையில் இது விடுதலைக்கு முன்பே, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தில்லியில் தொடங்கிய வாதம். அதன் தொடக்கத்தை அறியாமல் இன்றைய வாதத்தில் இறங்குவோர் பழைய விடைகளைப் புதியவை என்று எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

நான் மொழியியல் படித்தவன். பொருளியல் என் துறையன்று. எனவே ஒரு சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்வதன் வழியாகவே இதற்குள் நுழைகிறேன். அந்தச் சொல் ‘காப்பீடு’.

காப்பு, ஈடு என்னும் இரு சொற்களின் கூட்டு அது. காப்பு என்பது கேடு நேராமல் தடுப்பது. ஈடு என்பது கேடு நேர்ந்த பின் அதற்கு நிகராகத் தருவது. இலங்கைத் தமிழர் இதே கருத்தைக் ‘காப்புறுதி’ என்பர். அங்கே ஈட்டின் இடத்தில் உறுதி நிற்கிறது. இந்தி பேசுவோர் பாரசீகத்திலிருந்து வந்த ‘பீமா’ என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்திய அரசு தர வேண்டியது காப்பா, ஈடா, உறுதியா என்பதே எண்பது ஆண்டுகால வாதத்தின் சாரம் என்று கொள்ளலாம்.

1. ஒரே காலம், இரண்டு அறிக்கைகள்

1943ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு இரண்டு தனித்தனி ஆய்வுகளுக்கு ஆணையிட்டது. மார்ச் மாதத்தில், ஆலைத் தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி. பி. அடர்காரிடம் அளிக்கப்பட்டது. அக்டோபரில், சர் ஜோசப் போர் தலைமையில் சுகாதார ஆய்வு மற்றும் வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்து (1942 டிசம்பர்) ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. போருக்குப் பிந்தைய அரசு தன் குடிமக்களுக்கு என்ன தர வேண்டும் என்னும் கேள்வி உலகெங்கும் எழுந்திருந்தது.

அடர்கார் 1944 ஆகஸ்டில் தம் அறிக்கையை அளித்தார். அவருடைய வழி ஜெர்மனியில் 1883இல் பிஸ்மார்க் தொடங்கி வைத்த வழி. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்திலிருந்து பங்களிப்பர். அந்த நிதியிலிருந்து மருத்துவமும், நோயுற்ற நாள்களுக்கான பணமும் கிடைக்கும். பங்களித்தவருக்குப் பயன் உரிமையாகிறது. அது எவருடைய கருணையும் ஆகாது. தொழிற்சங்க மரபில் வந்தோருக்கு இந்த வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும்.

போர் குழு 1946இல் நான்கு தொகுதிகளாகத் தன் அறிக்கையை வெளியிட்டது. அக்குழு கண்ட நாடு வேறு. 6,300 பேருக்கு ஒரு மருத்துவர். ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கை, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 162. ஊதியச் சீட்டு என்பதையே காணாத உழவரும் கூலிகளும் நிறைந்த நாட்டில் எதிலிருந்து பங்களிப்பைப் பிடிப்பது? ஆகவே குழு வேறு முடிவுக்கு வந்தது. பணம் செலுத்த இயலாமையால் எவரும் போதிய மருத்துவம் பெறாமல் போகக் கூடாது. சேவை வேறுபாடின்றி அனைவருக்கும் இலவசமாக வேண்டும். வசதியுள்ளோர் தம் பங்கைப் பொது வரியாகவும் உள்ளாட்சி வரியாகவும் செலுத்தட்டும்.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி இங்கே உண்டு. சேவை என்றைக்கும் இலவசமாகவே நீடிக்க வேண்டுமா, அன்றிக் காப்பீட்டு முறையே நாட்டின் நிலைமைக்குப் பொருந்துமா என்பதை எதிர்கால அரசுகளே தீர்மானிக்கட்டும் என்று அக்குழு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. போர் குழு காப்பீட்டைக் கொள்கை அளவில் முற்றாக மறுத்தது என்று கூறுவது ஆகவே சரியன்று. மருத்துவமனையே இல்லாத இடத்தில் காப்பீடு எதை வாங்கும் என்பதுதான் அன்றைய நிலைமை எழுப்பிய கேள்வி.

2. வரைந்ததும் கட்டியதும்

குழு வரைந்த நெடுங்காலத் திட்டத்தில் 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு தொடக்க நிலை மருத்துவமனை இருந்தது. அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்ட இரண்டாம் நிலை. மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள். ஆனால் 1952 அக்டோபர் 2 அன்று சமூக வளர்ச்சித் திட்டத்துடன் தொடங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒரு வட்டாரத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் வந்தன. 60,000 முதல் ஒரு லட்சம் பேருக்கு ஆறு படுக்கைகள். வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளிதான் பின்னாளில் நடந்த அனைத்துக்கும் நிலைக்களன்.

போர் குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரும், நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவருமான மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலேயே 1959இல் அடுத்த பெருங்குழு அமைந்தது. 1961இல் அது அளித்த அறிக்கை, புதிய நிலையங்களைப் பெருக்கிக்கொண்டே போவதைவிட, இருப்பவற்றை வலுப்படுத்துவதே முதல் வேலை என்று வற்புறுத்தியது. தாம் கையொப்பமிட்ட கனவு பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்பதை அவரே கணக்கெடுக்க நேர்ந்தது எனலாம்.

அடர்காரின் திட்டம் அளவில் சிறியது; ஆகையால் பிழைத்தது. 1948 ஏப்ரலில் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்று அழைப்பது அதையே. இந்தியாவின் அந்த முதல் பெரிய மருத்துவக் காப்பீட்டில் இரண்டு கூறுகள் நினைவில் வைக்கத் தக்கவை.

முதலாவது, அது வசூலித்த பணத்தில் தனக்கென மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் அமைத்தது. காப்பீடும் கட்டுமானமும் அங்கே எதிரெதிர் நிற்கவில்லை. இரண்டாவது, அது நோயாளியின் கூலியையும் கணக்கில் கொண்டது. நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். மகப்பேற்றுக்கும் உடலூனத்துக்கும் தனித்தனிப் பயன்கள் உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் குறைகளைப் பற்றி நாள் முழுவதும் பேசலாம். ஊதிய வரம்புக்கு உட்பட்ட முறைசார் தொழிலாளரை மட்டுமே அது தழுவியது என்பதும் மெய். ஆயினும் நோய் என்பது மருத்துவச் செலவு மட்டுமன்று, வேலை இழப்பும்தான் என்பதை அந்தச் சட்டம் அறிந்திருந்தது. பின்வந்த திட்டங்கள் அதை மறந்தன.

3. பீமா திரும்பி வந்த வழி

1973இல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நடைமுறைக்கு வந்தன. 1986இல் அவை ‘மெடிக்ளெய்ம்’ என்னும் தனிநபர் காப்பீட்டை அறிமுகம் செய்தன. அது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கான பண்டம். 1978இல் அல்மா ஆட்டாவில் ‘2000க்குள் அனைவருக்கும் நலவாழ்வு’ என்று இந்தியாவும் கையொப்பமிட்டிருந்தது. 1983இன் தேசிய சுகாதாரக் கொள்கை அதை வழிமொழிந்தது. கொள்கை ஒரு திசையிலும் சந்தை வேறு திசையிலும் நகரத் தொடங்கிய பத்தாண்டு அது.

1990களில் உலக வங்கியின் அறிவுரைகள் சூழ, பல மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் பயனர் கட்டணம் நுழைந்தது. 1999இன் சட்டம் காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறந்தது. இதற்குள் நகரங்களில் பெரிய தனியார் மருத்துவமனைகள் வளர்ந்துவிட்டன. போர் குழுவின் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது: வாங்குவதற்குச் சேவை. அதை வாங்கப் பணம் இல்லாதோரே நாட்டில் பெரும்பாலோர்.

இந்த இடத்தில்தான் பழைய சொல் புதிய பொருளுடன் திரும்பியது. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க உழவருக்கான யஷஸ்வினி 2003இல் வந்தது. ஆந்திரத்தில் 2007 ஏப்ரலில் மூன்று மாவட்டங்களில் ஆரோக்யஸ்ரீ தொடங்கியது. 2008இல் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவைத் தொடங்கியது: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் ஐவருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், பதிவுக்கு 30 ரூபாய், கையில் ஒரு மின்னட்டை. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதனை அடுத்து 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன.

இவற்றுள் யஷஸ்வினியில் உறுப்பினர் சந்தா செலுத்தினர். மற்றவற்றில் காப்புக் கட்டணத்தை முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ அரசே வரிப்பணத்திலிருந்து செலுத்தியது. அடர்காரின் காப்பீட்டில் பங்களிப்பு உரிமையை ஈன்றது. இங்கே பங்களிப்பு இல்லை. போர் குழுவின் வரிநிதி மருத்துவமனையை எழுப்ப வேண்டியது. இங்கே வரிநிதி பிறர் எழுப்பிய மருத்துவமனையில் சிகிச்சையை வாங்கியது. ஒரு மரபிலிருந்து நிதியின் ஊற்றையும் மறு மரபிலிருந்து பெயரையும் எடுத்துக்கொண்ட மூன்றாவது ஒன்று இது.

எனவே ‘வரியா, காப்பீடா’ என்று இன்றும் வாதிடுவோர் முடிந்துபோன கேள்வியைக் கேட்கின்றனர் என்பேன். இரண்டிலும் பணம் வரியே. அரசு சேவையைக் கட்டி நடத்த வேண்டுமா, விலைக்கு வாங்கித் தர வேண்டுமா என்பதே இன்று எஞ்சியுள்ள கேள்வி.

பெயர்களும் இதை ஒப்புக்கொள்கின்றன. 2008இன் திட்டப் பெயரில் ‘பீமா’ இருந்தது. 2018இன் வரவு செலவு உரையில் தேசிய நலப் பாதுகாப்பு என்னும் பொருளில் அறிமுகமாகி, அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிய திட்டத்தின் பெயர் பிரதான் மந்த்ரி ஜன் ஆரோக்ய யோஜனா. ‘பீமா’ உதிர்ந்துவிட்டது. அது உதிர்ந்ததில் ஒரு பொருத்தமும் உண்டு: பெரும்பாலான மாநிலங்கள் இன்று காப்பீட்டு நிறுவனத்தை இடையில் வைக்காமல், அரசு அறக்கட்டளை ஒன்றின் வழி மருத்துவமனைகளுக்கு நேரே பணம் தருகின்றன. ஆனாலும் மக்கள் வழக்கில் அது ‘காப்பீட்டு அட்டை’தான்.

4. மூன்று பட்டியல்கள்

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை ஒரு மொழியியல் மாணவன் வாசிப்பது போல வாசித்துப் பாருங்கள். மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவு: பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள். ஒன்றியப் பட்டியலின் 47ஆம் பதிவு: காப்பீடு. பொதுப் பட்டியலின் 23ஆம் பதிவு: சமூகப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு.

ஒரே நோயாளி, ஒரே நோய். அவரை நாம் ‘மருத்துவமனை’ என்னும் சொல்லால் அணுகினால் பொறுப்பு மாநிலத்துடையது. ‘காப்பீடு’ என்னும் சொல்லால் அணுகினால் ஒன்றியத்துக்கு இடம் கிடைக்கிறது. 2008இன் திட்டம் சுகாதார அமைச்சகத்தில் பிறக்காமல் தொழிலாளர் அமைச்சகத்தில் பிறந்ததும் இந்தப் பின்னணியில் கருதத் தக்கது.

இது மட்டுமே காரணம் என்று கூற மாட்டேன். 2005இன் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஒன்றிய நிதியைக் கொண்டே ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ‘ஆஷா’ பணியாளர்களையும் வளர்த்தது. பட்டியல்கள் அதற்குத் தடையாகவில்லை. ஆனால் மருத்துவமனையைக் கட்டுவோரின் பெயர் மாநிலத்தில் நிற்கும்; அட்டையை வழங்குவோரின் பெயர் அட்டையில் நிற்கும். மேற்கு வங்கம் 2019இல் திட்டத்திலிருந்து விலகியதும், வேறு சில மாநிலங்கள் நெடுநாள் சேராமல் இருந்ததும், இந்தப் பெயர்ப் போட்டியைத் தவிர்த்து விளங்கிக்கொள்ளக் கூடியவை அல்ல.

5. அட்டையின் பக்கம் உள்ள நியாயம்

காப்பீட்டை எதிர்ப்போர் பெரும்பாலும் அதன் வலிமையான வாதத்தை எதிர்கொள்வதில்லை. ஆகவே அதை முதலில் முறையாக எடுத்து வைக்கிறேன்.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ஓடும் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் கடுங்காயமுற்றார். கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை இல்லை என்றும் வசதி இல்லை என்றும் அவரைத் திருப்பி அனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு உயிர் பிழைத்தார். அவர் சார்ந்த சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996இல் வந்த தீர்ப்பு, அவசர மருத்துவம் மறுக்கப்பட்டது 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையை மீறியது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிதியின்மையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப இயலாது என்றும் கூறியது.

அட்டையை ஆதரிப்போர் கேட்கும் கேள்வி இதுதான்: அரசு மருத்துவமனை நிரம்பி வழியும்போது அந்தத் தொழிலாளி தனியார் வாசலில் என்ன சொல்லி நிற்பது? கட்டடம் எழும்ப இருபது ஆண்டுகள் ஆகும். காயம் அதுவரை காத்திருக்காது. அட்டை அவருக்கு உடனடியாக ஒரு வாசலைத் திறக்கிறது. ஊரைவிட்டு வேலைக்குப் போனவருடன் மருத்துவமனை போவதில்லை, அட்டை போகும். பிகாரிலிருந்து சூரத்துக்குப் போன தொழிலாளிக்கு இது சிறிய பயனன்று. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கான சிகிச்சை நகர்ப்புறத் தனியாரிடம் குவிந்துவிட்ட நாட்டில், அங்கே ஏழைகள் நுழைவதற்கு வேறு வழியே இருக்கவில்லை.

அளவும் புறக்கணிக்கத் தக்கதன்று. 2018இன் திட்டம் 10.74 கோடிக் குடும்பங்களை, ஏறத்தாழ 50 கோடி மக்களை, ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரம்பில் தழுவ முனைந்தது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி விரிந்தது. அந்த விரிவில் போர் குழுவின் ‘வேறுபாடின்றி’ என்னும் கருத்து, ஒரே ஒரு வயதுப் பிரிவுக்கேனும், திரும்பி வந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

6. அட்டை தொடாத இடங்கள்

முதல் குறை, அது படுத்த நோயாளியை மட்டுமே காண்கிறது. உள்நோயாளிச் சிகிச்சையும், அதற்கு மூன்று நாள் முன்பும் பதினைந்து நாள் பின்பும் ஆகும் செலவும் திட்டத்துக்குள் வரும். ஆனால் இந்தியக் குடும்பங்கள் தம் கையிலிருந்து செலவிடும் மருத்துவப் பணத்தில் மிகப் பெரிய பகுதி மருந்துக்கே போகிறது. அதிலும் பெரும்பகுதி புறநோயாளியின் மருந்து. என் வீட்டிலும் காப்பீட்டு அட்டை உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைச் செலவில் அது ஒரு ரூபாயையும் குறைத்ததில்லை. அந்த மாத்திரைகளை ஒழுங்காக உண்ணாதவரே பின்னாளில் அட்டையுடன் இதய சிகிச்சைக்குப் போகிறார். காப்பில் விட்டதை ஈட்டில் பிடிப்பது என்று இதைச் சொல்லலாம். செலவிலும் வலியிலும் இது மிகை.

இரண்டாம் குறை, விலைக்கு வாங்கும் அரசுக்குப் பொருளின் தேவையைச் சரிபார்க்கும் கண் வேண்டும். ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது, தேவையற்ற சிகிச்சைக்கும் அதே பணம் வரும். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்திப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டது என்னும் முறையீடு 2013இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, இதைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணுடன் பதிவாகியிருந்ததைச் சுட்டியது. முதலாவது உடலின் மேல் நடந்த கேடு. இரண்டாவது ஏட்டில் நேர்ந்த ஒழுங்கின்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஆனால் வாங்குவோரின் மேற்பார்வை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மூன்றாம் குறை, மருத்துவமனை இல்லாத மாவட்டத்தில் அட்டை வெறும் அட்டை. தனியார் மருத்துவமனைகள் மிகுந்த பகுதிகளுக்கே பணமும் மிகுதியாகப் போகும். வளம் குறைந்த பகுதியின் வரிப்பணமும் அங்கேயே போய்ச் சேரும். 1943இல் இந்த வாதத்துக்குப் பின்னணியாக இருந்த நிலைமை அந்தப் பகுதிகளில் இன்னும் மாறவில்லை.

நான்காம் குறை, கூலி. மருத்துவம் முழுவதும் இலவசமாகக் கிடைத்தாலும், பத்து நாள் படுத்திருக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டில் அந்தப் பத்து நாளும் அடுப்பெரிய வேண்டும். 1948இன் சட்டம் இதற்கு விடை வைத்திருந்தது. 2018இன் திட்டத்தில் இந்தக் கேள்வியே இல்லை.

7. வரலாறு தரும் விடை

குடும்பங்கள் நேரடியாகச் சுமக்கும் பங்கு குறைந்து வருகிறது என்பது தேசியச் சுகாதாரக் கணக்குகளின் கூற்று. 2013–14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடாக இருந்த அது 2021–22இல் 39.4 விழுக்காடானது. அரசின் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.15 விழுக்காட்டிலிருந்து 1.84 விழுக்காடாக உயர்ந்தது. கணக்கிடும் முறை குறித்துப் பொருளியலாளரிடையே வாதங்கள் உண்டு. கடைசி ஆண்டுகளின் உயர்வில் பெருந்தொற்றுக் காலச் செலவும் அடங்கும். இந்த எண்களை அப்படியே ஏற்றாலும், 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்கு வைத்த 2.5 விழுக்காடு என்னும் இலக்கு தொலைவிலேயே நிற்கிறது. அட்டையின் புகழ் எவ்வளவு உயர்ந்தாலும் பை சிறியதாகவே உள்ளது.

2011இல் மருத்துவர் சீனாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலை வல்லுநர் குழு திட்டக் குழுவுக்கு அளித்த அறிக்கையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பொது வரியே முதன்மை நிதியாக வேண்டும். பயனர் கட்டணம் கூடாது. அரசுக்காகச் சேவையை வாங்கும் பணியைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் விடக் கூடாது. மருந்துக்கு முன்னுரிமை வேண்டும் என்று அது கூறியது. போர் குழுவிடமிருந்து நேரே வந்த குரல் அது. ஏழாண்டுகளில் நாடு எடுத்த பாதை வேறாயிற்று. இடைத்தரகராகக் காப்பீட்டு நிறுவனம் வேண்டாம் என்னும் பரிந்துரையை மட்டும், அறக்கட்டளை முறை வழியாகப் பல மாநிலங்கள் தம் பட்டறிவால் வந்தடைந்துள்ளன.

பட்டறிவு வேறொன்றையும் கற்பிக்கிறது. 1990களின் நடுவில் தமிழ்நாடு தன் மருத்துவப் பணிகள் கழகத்தின் வழி மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2011 அக்டோபரில் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த முறையைப் பின்பற்றியது. இதற்கு அட்டையோ பதிவோ தேவைப்படவில்லை. வரிசையில் நின்றவர் மருந்துடன் வீடு திரும்பினார். இது ஈடன்று, காப்பு.

தாய்லாந்தை இரு தரப்பினரும் தமக்குச் சான்றாகக் காட்டுவதால் அதையும் சொல்ல வேண்டும். 2002இல் அங்கு வந்த அனைவருக்குமான திட்டம் வரிநிதியில் அரசே சேவையை வாங்கும் முறைதான். ஆகவே வாங்குவது தவறன்று என்பது மெய். ஆனால் அதற்கு முந்தைய முப்பதாண்டுகளில் அந்நாடு மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளைக் கட்டி, மருத்துவம் படித்தோரைக் கட்டாயமாகக் கிராமங்களுக்கு அனுப்பியிருந்தது. அங்கே கட்டுதல் முதலிலும் வாங்குதல் பின்னரும் நிகழ்ந்தன. புறநோயாளிச் சேவையும் திட்டத்துக்குள்ளேயே இருந்தது.

ஆகவே என் நிலைப்பாடு இது. அட்டையைப் பறிக்க வேண்டும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. இன்று அது போனால் முதலில் சாவது ஏழை. ஆனால் அட்டையைச் சீர்திருத்தம் என்று கொண்டாடவும் இயலாது. அரசு மருத்துவமனை வலுவாக இருக்கும் இடத்தில்தான் தனியாரிடம் வாங்கும்போது அரசு விலை பேச முடியும்; தரத்தைக் கேட்க முடியும். விற்பவர் ஒருவரே என்னும் இடத்தில் வாங்குபவருக்குக் குரல் இல்லை. இனி விரிவாக்கப்படும் ஒவ்வொரு லட்ச ரூபாய் வரம்புக்கும் முன்பாகப் புறநோயாளியின் மருந்து, மாவட்ட மருத்துவமனையின் படுக்கை, நோயுற்றவரின் கூலி ஆகிய மூன்றும் கணக்கில் வர வேண்டும்.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன என்னும் எண்ணிக்கையைவிட, அட்டை இருந்தும் மருந்துக்கடையில் பணம் செலுத்தியவர் எத்தனை பேர் என்பதை உங்கள் மாவட்டத்தில் கேட்டு எழுதுங்கள். உங்கள் மொழியில் மக்கள் அந்த அட்டையை என்ன சொல்லால் அழைக்கின்றனர் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். எதிர்கால அரசுகள் தீர்மானிக்கட்டும் என்று 1946இல் விடப்பட்ட கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அந்த எதிர்காலத்தில் வாழ்வோர் நாமே. மாற்றுக் கருத்துடையோர் சான்றுகளுடன் எழுதினால் மகிழ்வேன்.